கேதே கோல்விட்ஸ் அம்மையார்

அந்நாளைய பிரஷ்ய நாட்டின் கோனிக்ஸ்பெர்க் நகரில் 1867ஆம் ஆண்டு பிறந்தவர் கேதே கோல்விட்ஸ் அம்மையார். ஓவியம் பயின்ற அவர், ஒரே படத்தைப் பல படிகளாக எடுக்கவல்ல அச்சோவியக் கலையைத் தமதாக்கிக்கொண்டார். 1891இல் மருத்துவர் கார்ல் கோல்விட்ஸை மணந்து, பெர்லினில் தொழிலாளர் வாழும் பகுதியில் குடியேறினார். கணவரிடம் மருத்துவம் நாடி வந்த ஏழைத் தாய்மாரின் முகங்களே அவர்தம் ஓவியங்களில் இடம்பெற்றன.

வறுமையால் கொதித்தெழுந்த நெசவாளரைப் பற்றிய அவருடைய ஆறு அச்சோவியங்கள் 1898இல் காட்சிக்கு வைக்கப்பெற்றன. நடுவர் குழு பரிந்துரைத்த பதக்கத்தை வழங்கப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். அம்மையார் தம் வழியினின்று விலகினாரல்லர்.

1914இல் போர் மூண்டது. 18 வயது மகன் பீட்டர் படையிற் சேர விழைந்தான். தந்தை தடுத்தார், தாயே பரிந்து பேசி இசைவு பெற்றுத் தந்தார். அக்டோபர் மாதத்திலேயே அவன் பெல்ஜியத்தில் மாண்டான். ஆறாத அத்துயரினின்று, போரைப் பற்றிய ஏழு மரச்செதுக்கு ஓவியங்கள் பிறந்தன. மகன் துயின்ற கல்லறைத் தோட்டத்தில், மண்டியிட்டு வருந்தும் பெற்றோர் சிலைகளை 1932இல் நிறுவினார்.

1919இல் தம்மை உறுப்பினராக ஏற்ற பிரஷ்யக் கலைக்கழகத்தினின்று, 1933இல் ஹிட்லர் ஆட்சியில் வெளியேற்றப்பட்டார். 1945 ஏப்ரலில் மறைந்தார்.

இளைஞர்களே! எளியோர் துயரை எடுத்துரைத்தது மட்டுமன்று, தாம் தந்த இசைவின் சுமையையும் மறைக்காமல் தாங்கியதே அவர் பெருமை.