அடியில் பிறந்த நெருப்பு
இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

துப்பாக்கி என்றவுடன் போர்வீரனும் வேட்டைக்காரனுமே நம் நினைவுக்கு வருவர். கிராமத்துத் தேவாலயம் ஒன்றில் ஞாயிறுதோறும் அருளுரை ஆற்றிவந்த பாதிரியார் ஒருவர் நினைவுக்கு வரமாட்டார். ஆயினும் இன்று உலகில் வெடிக்கும் தோட்டா ஏறக்குறைய ஒவ்வொன்றும் அந்தப் பாதிரியார் கண்ட வழியிலேதான் பற்றிக்கொள்கிறது. அவர் பெயர் அலெக்சாந்தர் ஜான் ஃபோர்சைத்.

ஸ்காட்லாந்து நாட்டில் அபர்தீன் நகருக்கு வடக்கே, வடகடலை ஒட்டி பெல்ஹெல்வி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூர்ப் பாதிரியார் இல்லத்தில் 1768ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் ஃபோர்சைத் பிறந்தார். அபர்தீன் கிங்ஸ் கல்லூரியில் பயின்றார். தந்தையாருக்குப் பின் 1791இல் அதே ஊரில் அதே பணியை ஏற்றார். மணம் செய்துகொள்ளவில்லை. இறக்கும்வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகள், அந்த ஊரின் பாதிரியாராகவே இருந்தார். வாழ்க்கையின் வெளிக்கோடு இவ்வளவே.

ஆனால் அவருக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. ஒன்று, நீர்ப்பறவை வேட்டை. மற்றொன்று, தம் இல்லத்தையொட்டி அமைத்துக்கொண்ட சிறு பட்டறையில் இரும்பையும் இரசாயனத்தையும் வைத்துச் சோதனை செய்வது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்ட இடத்தில்தான் அவருடைய கண்டுபிடிப்பு பிறந்தது.

அக்காலத் துப்பாக்கி சக்கிமுக்கிக் கல்லால் இயங்கியது. விசையை இழுத்தால் குதிரை முன்னே பாயும். அதன் வாயில் பிடித்த கல் எஃகுத் தகட்டில் உரசும். தெறிக்கும் பொறி ஒரு சிறு கிண்ணத்திலுள்ள மருந்தில் விழும். அந்த மருந்து எரிந்து, அதன் தீ பக்கவாட்டுத் துளை வழியே குழலுக்குள் நுழையும்; அதன் பிறகே குண்டு கிளம்பும். எத்தனை படிகள் பாருங்கள்! மழைத்துளி பட்டால் மருந்து நமுத்துப்போகும், காற்றடித்தால் பறந்துபோகும். ஃபோர்சைத்துக்கு எரிச்சலூட்டியதோ வேறொன்று. கிண்ணத்தில் பளிச்சென்று தீ தெரிந்ததுமே பறவை விழித்துக்கொண்டு நீரில் மூழ்கிவிடும், அல்லது திசை மாறிப் பறந்துவிடும். குண்டு போய்ச் சேரும்போது அங்கே பறவை இருக்காது.

இந்நிலையில் 1800இல் எட்வர்டு ஹோவர்டு என்ற ஆங்கில வேதியியலார், பாதரசத்திலிருந்து அடிபட்டாலே வெடிக்கும் ஒரு பொருளைச் செய்த விதத்தை இலண்டன் ராயல் கழகத்துக்கு எழுதினார். மெர்க்குரி ஃபல்மினேட் எனப்படுவது அதுவே. பொட்டாசியம் குளோரேட்டும் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அறிவுலகுக்கு வந்துவிட்டது. நம் வீட்டுத் தீக்குச்சியின் தலையில் இருப்பதும் இந்தக் குளோரேட்டுதான். இத்தகைய பொருள்களைக் கிண்ணத்து மருந்துக்குப் பதிலாக இட்டுப் பார்த்தார் ஃபோர்சைத். பயன் இல்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் அவை வெடித்துச் சிதறினவே தவிர, தீ துளைக்குள் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை.

பொறியால் பற்றவைப்பதை விட்டுவிட்டு, அடியாலேயே ஏன் பற்றவைக்கக் கூடாது என்று அவர் எண்ணினார். மருந்தை மூடிய சிறு அறைக்குள் வைத்து, கெட்டியான இரும்பின்மேல் இருத்தி, மேலிருந்து ஓங்கி அடித்தால் தீக்குப் போக ஒரே வழிதான் உண்டு: குழலுக்குள் செல்லும் வழி.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல். எனக்கு முன்னோர் கொல்லுப் பட்டறையில் சுத்தியல் பிடித்தவர்கள். அதனால்தானோ என்னவோ, இந்த எண்ணம் சூத்திரம் எதுவும் இன்றியே எனக்கு விளங்கிற்று. தீபாவளிக்குப் பொட்டு வெடியைப் பட்டடையின்மேல் வைத்துத் தட்டினால் காது அடைக்கும். அதையே மணலில் வைத்துத் தட்டினால் புதைந்துபோகும். மருந்தும் ஒன்றே, தட்டும் கையும் ஒன்றே. கீழே தாங்குவது எது என்பதில்தான் வேறுபாடு. வெடிக்கும் மருந்தைக் கண்டவர் ஹோவர்டு. அந்த மருந்துக்குச் சரியான இருக்கையைக் கண்டவர் ஃபோர்சைத். என் கணிப்பில் இரண்டாவதே கடினமான வேலை.

1805இல் தம் கையாலேயே அத்தகைய துப்பாக்கி ஒன்றைச் செய்து முடித்தார். பார்வைக்கு அத்தர்க் குப்பி போன்ற ஒரு சிறு மருந்துக்கூடு துப்பாக்கியின் பக்கவாட்டில் சுழலும். அதை ஒருமுறை திருப்பினால் மணியளவு மருந்து உள்ளே விழும். மீண்டும் திருப்பினால் அடிமுள் அதற்கு நேர்மேலே வந்து நிற்கும். குதிரை அந்த முள்ளை அடிக்கும். மழையும் காற்றும் உள்ளே புக இடமில்லை.

1806இல் துப்பாக்கியுடன் இலண்டன் சென்றார். ராயல் கழகத் தலைவர் சர் ஜோசப் பாங்க்ஸ் அதைக் கண்டு வியந்தார். படைக்கலத் துறையின் தலைவராயிருந்த மொய்ரா பிரபு, இலண்டன் கோபுரக் கோட்டையில் பட்டறை ஒன்றை ஒதுக்கித் தந்து, இராணுவத்துக்கேற்ற முறையில் அதை ஆக்கித் தருமாறு கேட்டார். பெல்ஹெல்வியில் வேறொருவர் அருளுரை ஆற்ற ஏற்பாடாயிற்று. (பிற்காலத்தில் ஹேஸ்டிங்ஸ் பிரபு என்ற பெயரில் 1813 முதல் 1823 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராயிருந்தவர் இதே மொய்ராதான் என்பது வரலாற்று மாணவர்களுக்கு வியப்பளிக்கும்.) உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலை அது. பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் ஏற்ற அமைப்புகளை உருவாக்கும் முயற்சியில் ஓராண்டு உருண்டோடிற்று.

1807இல் ஆட்சி மாறியது. மொய்ராவின் இடத்துக்குச் சாத்தம் பிரபு வந்தார். அவருக்கு இதில் நம்பிக்கை இல்லை. கோட்டையிலிருந்து தம் தட்டுமுட்டுச் சாமான்களுடன் வெளியேறும்படி ஃபோர்சைத்துக்கு உத்தரவாயிற்று. மேலிடத்தில் ஆள் மாறினால் கீழே நடக்கும் வேலை நின்றுபோவது எந்த நாட்டுக்கும் புதிதன்று போலும்! நெப்போலியன் இருபதாயிரம் பவுன் தருவதாகச் சொல்லியனுப்பினான் என்றும், பாதிரியார் தம் நாட்டை எண்ணி மறுத்துவிட்டார் என்றும் வழிவழியாக ஒரு செய்தி உண்டு.

அதே ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். விண்ணப்பத்தை வரைவதில் அவருக்கு உதவியவர் நீராவிப் பொறி புகழ் ஜேம்ஸ் வாட். பிக்காடிலித் தெருவில் ஃபோர்சைத் நிறுவனம் கடை திறந்தது. பாதிரியாரோ ஊர் திரும்பிப் பழையபடி தேவாலயப் பணியில் அமர்ந்தார். புகழ்பெற்ற ஜோசப் மேன்டன் உட்படப் பல துப்பாக்கிக் கொல்லர்கள் அவர் முறையைத் தழுவிக் கருவி செய்தனர். அவர்கள்மேல் வழக்குத் தொடுத்து வெல்லவும் நேர்ந்தது. 1821இல் காப்புரிமைக் காலம் முடிந்தது.

இதற்கிடையே குப்பிக்குப் பதிலாகச் செப்புத் தொப்பி வந்தது. உட்புறம் மருந்து ஒட்டிய ஒரு சிறு கிண்ணத்தைத் துப்பாக்கியின் முலைபோன்ற குழாய்முனையில் கவிழ்த்தால் போதும். அதைக் கண்டது யாமே என்று உரிமை கொண்டாடியோர் பலர். ஆனால் ஃபோர்சைத் தீர்த்த இருக்கைச் சிக்கல் இங்கே வேறு வேடத்தில் திரும்பி வந்தது. தொப்பி தளர்வாக இருந்தால் கழன்று விழும். இறுக்கமாக இருந்தால் முழுதும் இறங்காமல் பாதியில் நிற்கும். பாதியில் நின்ற தொப்பியைக் குதிரை அடித்தால் அடியின் ஆற்றலெல்லாம் அதைக் கீழே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், வெடிக்காது. மறுமுறை அடித்தால் வெடிக்கும்!

இங்கே சற்று முன்னோக்கிச் செல்வோம். 1866இல் அமெரிக்கரான பெர்டனும் ஆங்கிலேயரான பாக்சரும் அந்தத் தொப்பியைத் தோட்டாவின் அடியிலேயே பதித்தனர். இதுவே பிரைமர். தாங்கும் பட்டடையைப் பெர்டன் தோட்டாக்கூட்டில் வைத்தார். பாக்சர் பிரைமருக்குள்ளேயே வைத்தார். பாக்சர் முறையில் தீத்துளை நடுவில் ஒன்றே இருப்பதால் பழைய பிரைமரை ஓர் ஊசியால் குத்தித் தள்ளிவிடலாம். ஆகவே அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டாவை மறுபடி நிரப்புவோர் இம்முறையையே விரும்புகின்றனர். (நம் நாட்டில் உரிமமின்றி அதைச் செய்வது சட்டப்படி குற்றம்.)

அவர்களுக்குப் பெருந்தொல்லை தருவதும் இதே இருக்கைதான். பிரைமர் குழியின் அடியைத் தொட்டு, தோட்டாவின் அடிமட்டத்துக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் உள்ளடங்கி நிற்க வேண்டும். துருத்தி நின்றால் முதலடியில் ஏமாற்றும். சுழல் துப்பாக்கியில் உருளை சுழலாமல் சிக்கும். தானே நிரம்பும் துப்பாக்கியில் அடைப்பு மூடும் வேகத்திலேயே வெடித்துவிடவும் கூடும். ஏன் துருத்துகிறது? குழியில் பழைய கரி படிந்திருக்கலாம். அதைச் சுரண்ட வேண்டும். இராணுவத் தோட்டாவானால் பிரைமர் கழலாதிருக்க விளிம்பை நெரித்திருப்பார்கள். அந்த நெரிவை நீக்காமல் புதியது இறங்காது. மாறாக, விரலால் அழுத்தினாலே இறங்குகிறது என்றால் குழி அகன்றுவிட்டது என்று பொருள். அந்தக் கூட்டைத் தூக்கி எறிவதே நல்லது. மிகையாக அழுத்தினால் உள்ளிருக்கும் மருந்துவில்லை நொறுங்கிப்போகும். எண்ணெய்க் கையால் தொட்டால் மருந்து கெடும். துருத்திய பிரைமரைச் சுத்தியலால் தட்டி இறக்க முனைவதோ கண்ணையும் கையையும் விலையாகக் கேட்பதாகும்.

ஃபோர்சைத்தின் மருந்தில் இன்னொரு குறையும் இருந்தது. குளோரேட்டு எரிந்தபின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. அதுவும் சமையல் உப்பின் தம்பிதான். குழலில் தங்கி ஈரம் பட்டால் துருப்பிடிக்கச் செய்யும். 1920களில்தான் துருவேற்றாத பிரைமர் மருந்துகள் விற்பனைக்கு வந்தன.

மீண்டும் பாதிரியாரிடம் வருவோம். அரசு அவரை விரட்டி இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1834இல் உல்விச்சில் ஒரு சோதனை நடத்திற்று. கல்துப்பாக்கி ஆறு, அடித்துப்பாக்கி ஆறு. ஒவ்வொரு வகையிலும் 6000 முறை, எல்லா வானிலையிலும் சுட்டுப் பார்த்தனர். கல்துப்பாக்கி 922 முறை ஏமாற்றியது. அடித்துப்பாக்கி ஏமாற்றியது 36 முறையே. அதன் பின்னரே, 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் படை புதிய முறைக்கு மாறியது.

சமயப் பணி புரிந்தவர் கொலைக்கருவியைச் செப்பனிடலாமா என்று என் அறைத்தோழன் கேட்டான். நியாயமான கேள்விதான். அவர் தொடங்கியது வாத்து வேட்டைக்காக. ஆனால் கோபுரக் கோட்டையில் ஓராண்டு உழைத்தபோது, அது எதற்குப் பயன்படும் என்பதை அறியாமலா இருந்திருப்பார்? அவ்வளவு எளிதில் அவரை விடுவிக்க எனக்கு மனம் வரவில்லை.

1842இல் அரசு அவருக்கு 200 பவுன் அளித்தது. அடுத்த ஆண்டு ஜூன் 11ஆம் நாள், எழுபத்து நான்காம் வயதில், பெல்ஹெல்வி இல்லத்திலேயே காலமானார். அவர் இறந்தபின் மேலும் 1000 பவுன் ஒதுக்கப்பட்டு உறவினருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. எந்தக் கோட்டையிலிருந்து அவரை வெளியேற்றினார்களோ அதே இலண்டன் கோபுரத்தில் அவருக்கு நினைவுத் தகடு பதிக்கப்பட்டது இருபதாம் நூற்றாண்டில்தான்.