பண்டிதர் கண்ட கணக்கு

கலைஞர் கருணாநிதி நகரில், பி.டி. ராஜன் சாலைப் பக்கம் ஒரு கூட்டம். பேச்சுத் துவங்குமுன் ஒலிபெருக்கியிலே திரைப்பாட்டு. தோழரொருவர் கேட்டார் நம்மிடம்: சபாக்காரர்கள் இதற்கு இலக்கணமே இல்லை என்கிறார்களே, மெய்தானா என்று.

பக்கத்து வடபழனியிலே பிறந்த மெட்டுகள் ஆயிரமாயிரம். மெட்டுப் போட்டவர் விரல் ஓடிய ஆர்மோனியத்தில், ஒரு ஸ்தாயிக்குக் கட்டைகள் 12. அந்தப் பன்னிரண்டின் கணக்கைச் சிலப்பதிகாரத்திலே தேடிய ஒருவரின் கதையைச் சொன்னோம் தோழருக்கு.

ஆபிரகாம் பண்டிதர்! தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையிலே 1859இல் பிறந்தவர். கோயில் வாயிலிலே தடுத்து நிறுத்தப்பட்ட நாடார் சமுதாயம், கிறித்தவக் குடும்பம். திண்டுக்கல்லில் ஆசிரியர், பிறகு தஞ்சையில் ஆசிரியர், அதன்பின் சித்த மருத்துவர். மருந்து பணம் தந்தது. அந்தப் பணத்தைத் தமிழிசைக்குக் கொட்டினார்!

தஞ்சை, தெலுங்குக் கீர்த்தனை கோலோச்சிய ஊர். அங்கே அவர், பயில்வோர் பொருள் புரிந்து பாடட்டுமென்று, தமிழில் 96 பாடல்களை இயற்றினார். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் கண்டார். சொந்தச் செலவில் மாநாடுகள் கூட்டினார். வித்துவான்களை அழைத்து வாதிட்டார்.

எதைப் பற்றி வாதம்? ஸ்தாயிக்குச் சுருதி 22 என்றது சாரங்கதேவரின் வடமொழி நூல். பண்டிதர் ஒப்பவில்லை. தோழர்களே, ஆர்மோனியத்தில் நீங்களே பாருங்கள். ச-விலிருந்து ஏழு கட்டை தள்ளினால் ப. ப-விலிருந்து மேலும் ஏழு. இப்படிப் பன்னிரண்டு முறை தாவினால் புறப்பட்ட சுரத்துக்கே வந்து சேருகிறீர்கள். வட்டம் மூடுகிறது! 22ஆகப் பிரித்தால் இப்படி மூடாது. சம அளவான பன்னிரண்டும், அதன் இரட்டிப்பான இருபத்து நான்குமே பொருந்தும், இளங்கோ காட்டுவதும் இதுவே என்றார் அவர். வெள்ளைக் கட்டைகளையே ச-வில் துவங்கினால் சங்கராபரணம், ரி-யில் துவங்கினால் கரகரப்பிரியா, ம-வில் துவங்கினால் கல்யாணி. பழந்தமிழர் பாலை பாலையாகப் பண் பெயர்த்தது இந்த வழியில்தான். இன்றைய இசையமைப்பாளர், ஒரே பாட்டில் ஆதார சுரத்தை மாற்றி வேறு ராகத்துக்குத் தாவுகிறாரே, அதுவும் இதே வழிதான். இலக்கணம் இல்லையாம்!

1916இல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு. அங்கே போய்த் தம் கணக்கை விளக்கினார். தம் வீட்டுப் பெண்களை இசைக்க வைத்து மெய்ப்பித்துக் காட்டினார். பலர் மறுத்தனர், சுருதி பற்றிய வழக்கு அத்துடன் தீர்ந்துவிடவுமில்லை. மறுநாளும் வாதாடுவதற்கு ஏடு வேண்டுமல்லவா? 1917இல் வந்தது ‘கருணாமிர்த சாகரம்’, ஆயிரம் பக்கங்களுக்கு மேலான பெருநூல்.

அவர் சொன்ன யாவும் நமக்கு உடன்பாடல்ல. கடல் கொண்ட லெமூரியாக் கண்டத்தை அந்நூலில் நம்பி எழுதினார். இன்றைய நிலவியல் அதை ஏற்கவில்லை, நாமும் அதைச் சுமக்க வேண்டியதில்லை. அவர் பாடல்கள் பக்திப் பாடல்கள், நாமோ பகுத்தறிவாளர். எனினும் ஆர்மோனியத்தின் 12 கட்டைகளில் எவரும் சோதித்துப் பார்க்கலாம் அவர் கணக்கை; அதற்குப் பக்தியும் வேண்டாம், பூணூலும் வேண்டாம்.

1919 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது, ராகங்களைப் பற்றிய இரண்டாம் புத்தகம் வெளிவந்திருக்கவில்லை. சென்னையில் 1943இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. அதன் பிறகு, 1946இல், அவர் மகள் மரகதவல்லி அதை அச்சேற்றினார்.