கனி கொய்வோரைத் தீட்டிய ஓவியர்

மாங்கனிக் காலத்தில் குடியாத்தம் பகுதித் தோப்புகளில் துறட்டுக்கோல் ஏந்திக் காய் பறிப்போரை நாம் காண்கிறோம். இத்தகைய உழைப்பாளரை ஓவியத்தில் உயர்த்திக் காட்டிய பெரியார் கமீல் பிசாரோ.

இவர் 1830-ஆம் ஆண்டு, மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான செயின்ட் தாமசில் வணிகர் குடியில் பிறந்தார். ஓவிய வேட்கையால் குலத்தொழிலைத் துறந்து, 1855-இல் பாரிசு நகரை அடைந்தார். திறந்த வெளியில் அமர்ந்து, கணந்தோறும் மாறும் ஒளியையும் நிழலையும் கண்டவாறே தீட்டினார்.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பிசாரோ இலண்டனில் அடைக்கலம் புகுந்தார். அவரது இல்லத்தில் தங்கிய பிரஷ்ய வீரர்கள், ஓவியங்களை மிதியடிகளாக விரித்தனர். பல்லாண்டு உழைப்பிற் பெரும்பகுதி அழிந்தது. எனினும், அவர் மனம் தளர்ந்தாரல்லர். மீண்டும் தூரிகையை எடுத்தார். 1874 முதல் 1886 வரை மோனே முதலிய நண்பர்கள் நடத்திய எட்டுக் கண்காட்சிகளிலும் பங்குகொண்டவர் இவர் ஒருவரே. பலர் அவ்வோவியங்களை எள்ளி நகையாடினர்; வறுமையும் வாட்டியது.

1884-இல் எராஞ்ஞி என்னும் சிற்றூரிற் குடியேறினார். மறு ஆண்டு, தம்மினும் இருபத்தொன்பது ஆண்டுகள் இளையவரான சூராவிடமிருந்து, வண்ணப் புள்ளிகளால் தீட்டும் புதுமுறையைக் கற்றார். அம்முறையில் 1888-இல் உருவானதே ‘ஆப்பிள் அறுவடை’. ஒருவர் நீண்ட கோலால் கனிகளை உதிர்க்க, பெண்கள் குனிந்து பொறுக்குகின்றனர். அரசரும் தேவரும் அதில் இல்லை, உழைப்போரே தலைமக்கள். அவ்வோவியம் இன்று அமெரிக்காவின் டல்லாஸ் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

பிசாரோ 1903-இல் மறைந்தார். இழந்ததற்கு ஏங்காமலும், இளையோரிடம் கற்க நாணாமலும் உழைத்தமையே அவரை உயர்த்தியது.