மனத்தைப் பழக்கிய மேதை

கூரிய அறிவு பிறவியிலேயே சிலருக்கு மட்டும் வாய்ப்பது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பழக்கத்தாலும் அறிவை வளர்க்கலாம் என்பதற்கு மைக்கேல் பாரடேயின் வாழ்க்கை ஒரு சான்று.

1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், இன்று இலண்டன் மாநகருக்குள் அடங்கிவிட்ட நியூவிங்டனில், ஏழைக் கொல்லர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். எழுதவும் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு பள்ளிப் படிப்பு நின்றது. 14ஆம் வயதில் ரீபோ என்பவரின் பைண்டிங் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டு செய்ய வந்த நூல்களை, வேலை முடிந்தபின் ஆவலுடன் படித்தார். அவற்றுள் ஐசக் வாட்ஸ் என்பவர் மனத்தைப் பண்படுத்துவது பற்றி எழுதிய நூல் அவருக்கு நல்லாசிரியராயிற்று. கூர்ந்து நோக்குவது, நன்கு படிப்பது, அறிஞர் உரைகளைக் கேட்பது, பிறரோடு உரையாடுவது, தனித்திருந்து சிந்திப்பது ஆகியவற்றை அதிலிருந்து கற்றார்.

ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் நூலும் அவர் கைக்கு வந்தது. ஓர் ஆசிரியை இரு சிறுமியருக்குப் பாடம் சொல்வதுபோல் அமைந்த நூல் அது. அச்சில் இருக்கிறதே என்று பாரடே அதை அப்படியே நம்பிவிடவில்லை. தம்மிடமிருந்த சில்லறைக் காசுக்கு ஏற்ற சிறு சோதனைகளைச் செய்து, உண்மை என்று கண்ட பின்னரே ஏற்றார். அந்த அம்மையாரிடம் இறுதிவரை நன்றி பாராட்டினார்.

1812இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. கேட்டவற்றைத் தெளிவாக எழுதி, படங்கள் வரைந்து, தாமே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆய்வக உதவியாளரானார். 1831இல் காந்தத்தின் அசைவால் மின்சாரம் உண்டாவதைக் கண்டறிந்தார். இன்றும் நம் வீட்டு விளக்குகளுக்கு மின்சாரம் தரும் பெரும்பாலான இயந்திரங்கள் இயங்குவது அந்தத் தத்துவத்தில்தான்.

நடுவயதில் மறதி அவரை மிகவும் வாட்டியது. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. ஒவ்வொரு சோதனையையும் எண்ணிட்டு எழுதி வைத்தார். அக்குறிப்புகள் 16,000க்கும் மேற்பட்டவை.

1853இல் இலண்டனில் மேசையைச் சுற்றி அமர்ந்து கைகளை அதன்மேல் வைத்தால், ஏதோ மறைசக்தியால் மேசை தானே சுழலும் என்று பலர் நம்பினர். பாரடே எளிய கருவி ஒன்றைச் செய்து, அவர்களை அறியாமலே அவர்களுடைய கைகள்தாம் மேசையைத் தள்ளுகின்றன என்று காட்டினார். அவர்கள் பொய்யர்கள் அல்லர். தம் விருப்பத்தாலேயே ஏமாந்தவர்கள். அடுத்த ஆண்டு மனப்பயிற்சி பற்றி அவர் ஆற்றிய உரையின் சாரமும் இதுவே. நாம் எதை விரும்புகிறோமோ அதைத்தான் அதிகமாகச் சோதிக்க வேண்டும். போதிய சான்று கிடைக்கும்வரை முடிவு கூறாமல் பொறுத்திருக்க வேண்டும்.

1867 ஆகஸ்ட் 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

தேர்வை எண்ணி வரிவரியாக மனப்பாடம் செய்யும் மாணவிகளாகிய நமக்கு இவர் வாழ்க்கை ஆறுதலும் தருகிறது, எச்சரிக்கையும் தருகிறது. மறதி உள்ளவரும் மேதையாகலாம். ஆனால் சோதித்துப் பாராமல் நம்புகிறவர் மேதையாவது அரிது. ஒரு குறிப்பேடும், ‘இது உண்மைதானா?’ என்ற கேள்வியும் நம் எல்லோருக்கும் எட்டக்கூடியவையே. அவற்றை இன்றே நம் பழக்கமாக்கிக் கொள்வோம்.