வெண்முகில் ஆடை

பாலே என்னும் மேலைநாட்டு ஆடற்கலையை நினைத்தவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது, கால்விரல் நுனியில் நிற்கும் ஒரு நங்கையும் அவள் இடையிலிருந்து விரியும் வெண்ணிறப் பாவாடையும் ஆகும். அவ்வாடையை இன்று டூட்டூ என்பர். அதனை ஐரோப்பா முழுவதும் அறியச் செய்தவர் மரீ தாலியோனி. ஆயினும், அவர் மேடையில் ஆடிய காலத்தில் அப்பெயர் வழக்கில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் அது தோன்றியது.

மரீ, 1804ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் பிறந்தார். தந்தை பிலிப்போ தாலியோனி இத்தாலியர், நடன ஆசிரியர். தாய் சோஃபி, சுவீடன் நாட்டுப் பாடகர் ஒருவரின் மகள். தந்தை தொழிலின் பொருட்டு ஊர் ஊராகச் சென்றமையால், மரீ பாரிசில் தங்கிக் கூலோன் என்னும் ஆசிரியரிடம் பயின்றார். மெலிந்த உடல், நீண்ட கைகள், சற்றே முன்வளைந்த தோள்கள் ஆகியன அவருக்கு இயற்கையாய் அமைந்தவை. ஆடல்மகளுக்குரிய தோற்றமன்று இது என்பதே அக்காலத்தார் கருத்து.

மகளை வியன்னா நகரில் அரங்கேற்ற எண்ணிய பிலிப்போ, அவர் பயிற்சி போதாது எனக் கண்டு தாமே ஆசிரியரானார். நாள்தோறும் ஆறு மணி நேரம் என ஆறு திங்கள் அப்பயிற்சி நடந்தது. ஒரு நிலையில் நின்றால் நூறு எண்ணும்வரை அசைதல் கூடாது. துள்ளிக் கீழிறங்கும்போது ஓசை எழுதல் கூடாது. தோளின் வளைவைத் தந்தை மறைக்க முயலவில்லை. உடல் மெல்ல முன்சாய்ந்து, கைகள் வளைந்து தாழும் புதிய நிலைகளை அதற்கேற்ப அமைத்தார். குறை என்று பிறர் கண்டதே பின்னாளில் எல்லோரும் பின்பற்றும் பாணியாயிற்று. 1822இல் வியன்னாவிலும் 1827இல் பாரிசின் ஓபரா அரங்கிலும் மரீ முதன்முதலாக ஆடினார்.

அக்காலத்து மேடையின் நிலையையும் இங்கே அறிதல் வேண்டும். அதற்கு முந்தைய நூற்றாண்டில் பாலே ஆடிய மகளிர், கனத்த பட்டும் வளையம் கோத்த பாவாடையும் அணிந்தனர். காலின் நுண்தொழில் எளிதில் தெரியாது. பின்னர் ஆடை மெலிந்தது. 1822இல் பாரிசு ஓபரா மேடைக்கு எரிவாயு விளக்கு வந்தது. விளக்கொளியைக் கூட்டவும் குறைக்கவும் இயன்றதால், மேடையில் நிலவொளி போன்ற மங்கல் ஒளியை உண்டாக்க முடிந்தது.

அவ்வொளியில் 1832ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் 'லா சில்ஃபீட்' என்னும் நாட்டிய நாடகம் அரங்கேறியது. மகளுக்காகவே பிலிப்போ அதனை அமைத்திருந்தார். ஸ்காட்லாந்து இளைஞன் ஒருவன் தன் திருமண நாளில், காற்றில் வாழும் வனதேவதை ஒருத்தியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். அவளைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ள விரும்பி, சூனியக்காரி கொடுத்த துகிலை அவள் மேல் சுற்றுகிறான். சிறகுகள் உதிர, அவள் மடிகிறாள்.

தேவதையாக ஆடிய மரீ அணிந்திருந்தவை, உடலோடு பொருந்திய மேற்சட்டையும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே முடியும் மணி வடிவப் பாவாடையும் முதுகில் இரு சிறு சிறகுகளும். பாவாடை மெல்லிய வெண்துணியால் அடுக்கடுக்காகத் தைக்கப்பட்டது. ஒளி பட்டதும் அது மூடுபனிபோல் தோன்றிற்று. விரல் நுனியில் நிற்றலை முதன்முதலில் செய்தவர் அவரல்லர். முன்னரும் சிலர் அதனை வித்தையாகச் செய்து காட்டினர். மரீயோ அதனைக் கதையின் மொழியாக்கினார். அவர் காலணியில் இன்றுள்ளதுபோன்ற கடினமான முனை இல்லை. பட்டுத்துணியின் ஓரத்தை நூலால் இழையோடித் தைத்து வலுவூட்டியிருந்தனர், அவ்வளவே. பார்த்தவர்க்கு எடையற்றவராகத் தோன்றிய அவரைத் தாங்கியது, ஆடையன்று. ஆறு மணி நேரப் பயிற்சியில் உரமேறிய பாதங்களே.

இதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1830இல், இந்திய நாட்டியப் பெண்ணாகவும் மரீ ஒரு நாடகத்தில் ஆடியிருந்தார். 1838இல் புதுச்சேரிப் பகுதியிலிருந்து உண்மையான தேவதாசியர் சிலர் பாரிசுக்குச் சென்று ஆடியபோதுதான், மேடையில் தாம் கண்ட இந்தியா கற்பனையே எனப் பாரிசு மக்கள் உணர்ந்திருத்தல் கூடும். அப்போது மரீ ரஷ்யாவில் இருந்தார். அங்கே அவருடைய காலணியை விலைக்கு வாங்கிச் சமைத்துண்டனர் என்றொரு கதை உண்டு. நம்புவதற்கில்லை எனினும், அவர் பெற்றிருந்த செல்வாக்கை அது காட்டும். 1847இல் ஆடலை விடுத்து இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் குடியேறினார்.

வெண்ணிற ஆடையோ மேடையை விட்டு நீங்கவில்லை. அதனுடன் ஓர் அச்சமும் இருந்தது. மேடையோரத்திலும் பக்கங்களிலும் எரிந்த சுடர்கள் திறந்தவை. துணியோ காற்றுப்பட்டாலே பறப்பது. 1844இல் இலண்டனில் கிளாரா வெப்ஸ்டர் என்னும் இளம்பெண் மேடையிலேயே தீப்பற்றி உயிரிழந்தார். துணியை உப்புக் கரைசலில் தோய்த்துத் தீப்பற்றாமல் காக்கும் முறை பிரான்சில் இருந்தது. ஆனால், தோய்த்த துணி விறைத்து, வெண்மை மங்கிவிடும். ஆதலால் ஆடுவோர் பலர் அதனை வெறுத்தனர்.

1858இல் பதினாறு வயது எம்மா லிவ்ரி 'லா சில்ஃபீட்' ஆடுவதைக் காண மரீ மீண்டும் பாரிசுக்கு வந்தார். தம் இளமையையே எதிரில் கண்டவராய் அவளை மாணவியாக்கிக்கொண்டார். அவளுக்காக 1860இல் 'லெ பாப்பியோன்' என்னும் நாட்டிய நாடகத்தையும் அமைத்தார். அவர் அமைத்தது அது ஒன்றே. பட்டாம்பூச்சியாக மாறிய பெண்ணொருத்தி தீப்பந்தத்தின் சுடரில் சிறகு கருகி வீழ்வது அதன் கதைப்பகுதி. எம்மாவும் தோய்த்த ஆடையை மறுத்தவளே. நேரும் கேட்டுக்குத் தானே பொறுப்பு என ஓபரா அரங்கத்தாருக்கு எழுதியும் கொடுத்தாள்.

1862ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், வேறொரு நாடகத்தின் ஒத்திகை. தன் முறைக்காகக் காத்திருந்த எம்மா பாவாடையை விரித்துச் சரிசெய்தபோது, அது விளக்கின் சுடரில் பட்டது. எட்டுத் திங்கள் வேதனையுற்று 1863 ஜூலை 26ஆம் நாள் அவள் இறந்தாள். அப்போது வயது இருபது. அவ்வாடையில் எரியாது எஞ்சிய சிறு துண்டுகள் பாரிசு ஓபராவின் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன.

பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் 1870இல் போர் மூண்டது. அதன்பின் மரீயின் செல்வம் கரைந்தது. முதுமையில் இலண்டன் சென்று, செல்வர் வீட்டுச் சிறுமியருக்கு நடனமும் நிற்கும், வணங்கும் முறைகளும் கற்பித்துப் பிழைத்தார். 1884ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், எண்பது வயது நிறைவதற்கு ஒருநாள் முன், மார்சேய் நகரில் காலமானார். அதற்குள் பாவாடையின் நீளம் முழங்காலை எட்டியிருந்தது. பல அரங்குகளில் எரிவாயுச் சுடர் நீங்கி மின்விளக்கு எரியத் தொடங்கியிருந்தது.