கம்பித் தாயும் துணித் தாயும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் குரங்குகள் புதியவை அல்ல. பகாவ், ரந்தாவ் வட்டாரங்களில் செம்பனை மரங்களுக்கிடையே அவை கூட்டமாக வரும்போது, குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றியிருப்பதைக் காணலாம். தாய் கிளைவிட்டுக் கிளை தாவினாலும் அந்தப் பிடி நழுவுவதில்லை. குட்டி பாலுக்காகத்தான் அப்படிப் பற்றிக்கொள்கிறதா? இக்கேள்விக்கு விடை தேடியவர் அமெரிக்க உளவியல் அறிஞர் ஹாரி ஹார்லோ.

அவர் 1905ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் அயோவா மாநிலத்தின் ஃபேர்ஃபீல்டு நகரில் பிறந்தார். அவருடைய குடும்பப் பெயர் இஸ்ரேல். அது யூதப் பெயராக ஒலிப்பதால் வேலை கிடைப்பது கடினம் என்று பேராசிரியர் ஒருவர் எச்சரித்தார். யூதரல்லாத அவரும் 1930இல் தம் பெயரை ஹார்லோ என மாற்றிக்கொண்டார். அவ்வாண்டே முனைவர் பட்டம் பெற்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். எலிகளை ஆராயச் சென்றவருக்கு அங்கு ஆய்வுக்கூடமே இல்லை. இருந்த கூடம் இடிக்கப்பட்டிருந்தது. வேறு வழியின்றி உள்ளூர் விலங்குக் காட்சிசாலைக்குச் சென்று குரங்குகளை ஆராயத் தொடங்கினார்.

அக்காலத்தில் அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்கு ரீசஸ் குரங்குகள் இந்தியாவிலிருந்து சென்றன. அவற்றுள் பல காசநோய் போன்ற நோய்களோடு வந்து சேர்ந்தன. எனவே, 1950களில் ஹார்லோ தாமே குரங்குகளை வளர்க்க முற்பட்டார். நோய் தொற்றாதிருக்கக் குட்டிகளைப் பிறந்த சில மணி நேரத்திலேயே தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பால் கொடுத்தார். குட்டிகள் நன்கு வளர்ந்தன. ஆனால், கூண்டில் விரித்திருந்த துணியை அவை விடாமல் கட்டிக்கொண்டன. மாற்றுவதற்காக அதை எடுத்தால் கத்தி அலறின.

குழந்தையை அதிகம் கொஞ்சக் கூடாது, பசி தீர்ப்பவரிடமே அது அன்பு கொள்ளும் என்று உளவியலாளர் பலர் கூறிவந்த காலம் அது. ஹார்லோ இரண்டு பொம்மைத் தாய்களைச் செய்தார். ஒன்று வெறும் கம்பிக்கூடு. மற்றொன்று மென்மையான துணி போர்த்தியது. எட்டுக் குட்டிகளுள் நான்கிற்குக் கம்பித் தாயிடமும் நான்கிற்குத் துணித் தாயிடமும் பால் கிடைத்தது. கம்பித் தாயிடம் பால் குடித்தவைகூட, குடித்து முடித்ததும் துணித் தாயிடமே ஓடின. மேளமடிக்கும் இயந்திரக் கரடிப் பொம்மையைக் கண்டு அஞ்சியபோதும் அதனிடமே ஒடுங்கின. 1958இல் ஹார்லோ இம்முடிவுகளை அமெரிக்க உளவியல் கழகத் தலைவர் என்ற முறையில் அறிவித்தார். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தோட்டத்துத் தாய்மார் ஆயாக் கொட்டகையில் விட்டுச்சென்ற பிள்ளைகள், வயிறு நிறைந்த பின்னும் ஆயாவின் இடுப்பைவிட்டு இறங்க மறுத்ததன் காரணமும் இதுவே.

அடுத்து அவர் செய்தவை படிப்பதற்கே வேதனை தருபவை. குட்டிகளைப் பிறந்தது முதல் மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு எனத் தனிமையில் அடைத்தார். மூன்று மாதம் அடைபட்டவை தேறின. நெடுநாள் அடைபட்டவையோ தம்மைத் தாமே கட்டிக்கொண்டு ஆடின; தம் உடலையே கடித்தன. அவ்வாறு வளர்ந்த பெண் குரங்குகள் தாயானபோது, சில தம் குட்டிகளைக் கவனியாமல் விட்டன, சில காயப்படுத்தின. மனநோயை அறிவதற்காக அவர் மனநோயையே உண்டாக்கினார் என்ற குற்றச்சாட்டு இன்றும் உண்டு. அது பொய்யன்று. ஹார்லோவும் அவருடைய மாணவர் ஸ்டீபன் சுவோமியும் பின்னர் அத்தகைய குரங்குகளோடு மூன்று மாதம் இளைய குட்டிகளைச் சேர்த்துவிட்டனர். குட்டிகள் சென்று ஒட்டிக்கொண்டன. ஒடுங்கிக் கிடந்தவை மெல்ல மெல்ல விளையாடத் தொடங்கின.

ஹார்லோவையும் மனச்சோர்வு விடவில்லை. அவர் மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற வேண்டியதாயிற்று. 1971இல் மனைவி மார்கரெட் புற்றுநோயால் இறந்தார். மறு ஆண்டு, முன்பு மணவிலக்குப் பெற்றிருந்த முதல் மனைவி கிளாராவையே ஹார்லோ மீண்டும் மணந்தார். 1981ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அவர் காலமானார். அதற்கு முன்பே, 1978இல், இந்திய அரசு ரீசஸ் குரங்கு ஏற்றுமதியைத் தடை செய்திருந்தது.

ஒரே துன்பத்தில் எல்லாக் குரங்குகளும் ஒரே அளவில் நலிவதில்லை. சில பிறவியிலேயே அச்சமுள்ளவை. இதன் வேர் மரபணுவிலா, வளர்ப்பிலா என்ற ஆய்வைச் சுவோமி தொடர்ந்தார். ரீசஸ் குரங்கின் மரபணுத் தொகுதி மனிதருடையதோடு ஏறக்குறைய 93 விழுக்காடு ஒத்திருப்பதால், இக்கேள்வி மனிதருக்கும் உரியது. மனநிலையோடு தொடர்புடைய செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைக் கையாளும் மரபணு ஒன்று நீண்ட வடிவிலும் குறுகிய வடிவிலும் இருக்கிறது. சுவோமி குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, தாயின்றிச் சம வயதுக் குட்டிகளோடு வளர்ந்த குரங்குகளில், குறுகிய வடிவம் உடையவற்றுக்குச் செரோட்டோனின் செயல்பாடு குறைந்திருந்தது. தாயின் அணைப்பில் வளர்ந்தவற்றிலோ, எந்த வடிவம் இருந்தாலும் அந்த வேறுபாடு காணப்படவில்லை.