குருவி சுட்ட சிறுவன்

பறவை மேதை சலீம் அலியின் வாழ்க்கை

வீட்டுச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி தொங்குகிறது. ஒரு சிட்டுக்குருவி பறந்து வருகிறது. கண்ணாடியின் சட்டத்தில் உட்கார்ந்து டக், டக் என்று கொத்துகிறது. விரட்டினால் ஓடுகிறது. மறு நிமிடமே திரும்பி வந்து மறுபடியும் கொத்துகிறது.

இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு வீட்டில், மூடியிருந்த ஜன்னல் கண்ணாடியில் படார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கீழே ஒரு பறவை இறக்கையை விரித்தபடி மயங்கிக் கிடக்கிறது.

குருவிக்குப் பைத்தியம் என்று சிலர் சிரிப்பார்கள். கெட்ட சகுனம் என்று சிலர் பயப்படுவார்கள். பறவை ஏன் அப்படிச் செய்தது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

அப்படிக் கேட்ட ஒரு சிறுவன் இருந்தான். செத்து விழுந்த ஒரு குருவியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கேள்வி கேட்டான். பறவைகளைப் பற்றிய கேள்விகள் 90 வயது வரை அவனை விடவில்லை.

அந்தச் சிறுவன்தான் உலகப் புகழ் பெற்ற பறவை மேதை, சலீம் அலி!

தாய் தந்தை இல்லாத பிள்ளை

சலீம் அலி 1896-ம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார். வீட்டில் அவர்தான் கடைக்குட்டி.

அவருக்கு 1 வயது ஆனபோது தந்தை இறந்தார். 3 வயது ஆனபோது தாயும் இறந்தார்.

நிறையக் குழந்தைகள்! எல்லோரும் திக்கற்று நின்றார்கள். தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜி அவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். மாமாவுக்கும் மாமி ஹமீதா பேகத்துக்கும் பிள்ளைகள் இல்லை. தாயில்லாத பிள்ளைகளை அவர்கள் தங்கள் பிள்ளைகளாகவே வளர்த்தார்கள்.

மாமா வேட்டைப் பிரியர். ஆகவே, சிறுவன் சலீமுக்கும் துப்பாக்கி மேல் ஆசை. ஒரு சிறிய காற்றுத் துப்பாக்கி அவன் கைக்கு வந்தது.

அவ்வளவுதான்! ஊர்க் குருவிகளுக்குக் கெட்ட காலம் பிறந்தது.

லாயத்தில் நடந்த அதிசயம்

குதிரை லாயத்தில் ஒரு பொந்து இருந்தது. அதில் ஒரு பெண் குருவி முட்டையிட்டு அடைகாத்து வந்தது. பொந்துக்கு வெளியே ஓர் ஆணி. அந்த ஆணியின் மேல் ஆண் குருவி உட்கார்ந்து காவல் காத்தது.

சலீம் வண்டியின் பின்னால் ஒளிந்துகொண்டு குறி பார்த்தான். ஆண் குருவி செத்து விழுந்தது.

சற்று நேரத்தில் ஓர் அதிசயம் நடந்தது. வேறொரு ஆண் குருவி வந்து, அதே ஆணியில் உட்கார்ந்து காவல் காத்தது! அதையும் சலீம் சுட்டான். உடனே மூன்றாவது ஆண் குருவி வந்து சேர்ந்தது.

7 நாட்களில் 8 ஆண் குருவிகள் இப்படி விழுந்தன. ஒவ்வொரு முறையும் காலியான இடத்துக்குப் புதிய ஆண் குருவி வந்தது.

மற்ற சிறுவர்களாக இருந்தால் எத்தனை குருவி விழுந்தது என்று எண்ணிப் பெருமைப்பட்டிருப்பார்கள். சலீம் ஒரு குறிப்பு எழுதி வைத்தான். அப்போது அவனுக்கு வயது சுமார் 10. ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்து அந்தக் குறிப்பு அச்சில் வந்தது.

சுடுவதில் அவனுக்கு இருந்த ஆசையை விட, பார்ப்பதில் இருந்த ஆசை பெரிது.

மஞ்சள் கழுத்துக் குருவி

ஒரு நாள் சலீம் ஒரு குருவியைச் சுட்டான். எடுத்துப் பார்த்தபோது அதன் தொண்டையில் மஞ்சள் பூசியது போல் ஓர் அடையாளம் தெரிந்தது. இப்படிப்பட்ட குருவியை அவன் பார்த்ததே இல்லை.

மாமாவிடம் காட்டினான். மாமாவுக்கும் தெரியவில்லை. அவர் அதட்டி அனுப்பவில்லை. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போய்க் கேட்கச் சொன்னார்.

அந்தச் சங்கம் 1883-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் செயலாளர் மில்லார்டு என்ற வெள்ளைக்காரர். வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம் அது. செத்த குருவியோடு போன சிறுவனுக்கு உள்ளூர நடுக்கம்.

ஆனால் மில்லார்டு அன்பாகப் பேசினார். அது மஞ்சள் தொண்டைக் குருவி என்று சொன்னார். அலமாரி இழுப்பறைகளைத் திறந்து, பஞ்சு அடைத்துப் பாதுகாத்த பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகங்கள் கொடுத்தார்.

அன்று அந்தக் கதவு திறக்காமல் இருந்திருந்தால் சலீம் அலி என்ற மேதை நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

பட்டம் இல்லை, வேலை இல்லை

சலீமுக்குப் பள்ளிப் படிப்பு சரியாக ஏறவில்லை. தீராத தலைவலி வேறு. எப்படியோ 1913-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரியில் முதல் ஆண்டிலேயே தடுமாறினார்.

பிறகு பர்மாவுக்குப் போனார். அண்ணனோடு சேர்ந்து சுரங்கத் தொழிலும் மர வியாபாரமும் பார்த்தார். ஆனால் மனம் கணக்குப் புத்தகத்தில் நிற்கவில்லை. காட்டில் கூவும் பறவையின் பின்னால் ஓடியது. வியாபாரம் படுத்தது.

1918-ல் தெஹ்மினா என்ற நல்ல பெண்மணியை மணந்தார்.

பறவை ஆராய்ச்சிக்கென்று சர்க்காரில் ஒரு வேலை இருந்தது. சலீம் அலி முயன்றார். கிடைக்கவில்லை. காரணம், அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை.

1926-ல் பம்பாய்ப் பொருட்காட்சி சாலையில், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 350 ரூபாய். அதிலும் அவருக்குத் திருப்தி இல்லை. இன்னும் கற்க வேண்டும் என்று லீவு போட்டுவிட்டு ஜெர்மனிக்குக் கப்பல் ஏறினார்.

விளக்கில் விழுந்த பறவைகள்

பெர்லின் நகரில் ஸ்டிரேஸ்மான் என்ற பெரிய பறவை விஞ்ஞானி இருந்தார். அவரிடம் சலீம் அலி பாடம் கற்றார்.

ஜெர்மனிக்கு வடக்கே கடலில் ஹெலிகோலாந்து என்ற சிறிய தீவு இருக்கிறது. வலசை போகும் பறவைகள் அந்த வழியாகக் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். அந்தத் தீவில் ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. இருட்டும் பனியும் சூழ்ந்த இரவுகளில் பறவைகள் அந்த விளக்கை மொய்க்கும். சில பறவைகள் விளக்கின் கண்ணாடியில் மோதிக் கீழே விழும். 19-ம் நூற்றாண்டிலேயே இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தீவில் பறவைகளை உயிரோடு பிடித்து, காலில் மெல்லிய வளையம் மாட்டிப் பறக்க விட்டார்கள். வளையத்தில் எண் இருக்கும். வேறு நாட்டில் அந்தப் பறவை சிக்கினால், எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

அந்த வித்தையை சலீம் அலி அங்கே கற்றார். துப்பாக்கியால் அறிந்ததை விட அதிகமாக வளையத்தால் அறியலாம் என்பதை அவர் கண்டார்.

தூக்கணாங்குருவியின் குடும்பம்

1930-ல் ஊர் திரும்பினார். இடி காத்திருந்தது. பொருட்காட்சி சாலையில் பணம் இல்லை என்று அவருடைய வேலையையே எடுத்துவிட்டார்கள்!

கையில் காசில்லை. கணவனும் மனைவியும் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபோனார்கள்.

வேலை போனது துக்கம்தான். ஆனால் அந்த வீட்டின் அருகில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. சலீம் அலி மறைவாக உட்கார்ந்து, நாள் முழுவதும் அவற்றைக் கவனித்தார்.

என்ன கண்டார்?

கூடு பின்னுவது ஆண் குருவி. பாதிக் கூடு கட்டியதும் நிறுத்திவிடும். பெண் குருவிகள் வந்து, வீடு பார்க்கிறவர்களைப் போல ஒவ்வொரு கூடாக நுழைந்து பார்க்கும். கூடு பிடித்துவிட்டால் பெண் அங்கே குடியேறும். பிறகுதான் ஆண், மீதிக் கூட்டைக் கட்டி முடிக்கும்.

அப்புறம் என்ன செய்யும்? அதே ஆண் வேறொரு கூடு கட்டத் தொடங்கும். இன்னொரு பெண்ணை அழைக்கும்!

இந்த ஆராய்ச்சி 1931-ல் வெளிவந்தது. வேலையில்லாத மனிதரின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது.

துணைவி பிரிந்தாள்

அதன் பிறகு சமஸ்தானம் சமஸ்தானமாகப் போய்ப் பறவைக் கணக்கு எடுத்தார். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று பல இடங்கள். சம்பளம் கேட்கவில்லை. செலவுக்குப் பணம் கொடுத்தால் போதும் என்றார். தெஹ்மினாவும் கூடவே காட்டுக்குப் போனார். சுகமாக வளர்ந்த அந்த அம்மையார், கணவருக்காகக் கூடாரத்தில் வாழ்ந்தார்.

1939-ல் தெஹ்மினாவுக்கு ஒரு சிறு ஆபரேஷன் நடந்தது. அதைத் தொடர்ந்து அவர் இறந்துபோனார்.

சலீம் அலி நொறுங்கிப்போனார். பிள்ளைகளும் இல்லை. அக்காவின் வீட்டில் தங்கினார். துக்கத்தை வேலையில் கரைத்தார்.

1941-ல் இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வந்தது. படம் பார்த்துப் பறவையின் பெயர் சொல்ல, சாதாரண ஜனங்களுக்கும் அது கற்றுக்கொடுத்தது. பின்னர் அமெரிக்க நிபுணர் ரிப்ளியுடன் சேர்ந்து 10 பாகங்களில் பெரிய நூலை எழுதினார். அது 1968 முதல் 1974 வரை வெளிவந்தது.

அவருக்கு மோட்டார் சைக்கிள் மேல் தீராத மோகம். 1950-ல் சுவீடன் நாட்டில் பறவை மாநாடு நடந்தது. தம் மோட்டார் சைக்கிளையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், அதிலேயே மாநாட்டுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 53!

நம் கோடிக்கரைக்கு வந்தவர்

நம் தமிழ்நாட்டுக் கோடிக்கரைக்கு, வெகு தூரத்திலிருந்து கடல் கடந்து பறவைகள் வருகின்றன. அங்கேயும் சலீம் அலி வந்தார். அவருடைய சங்கத்தார் அங்கே ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையம் மாட்டினார்கள். 1967-ல் கோடிக்கரை சரணாலயம் ஆயிற்று.

பரத்பூர் ஏரியைக் காப்பாற்றப் பாடுபட்டார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டுக்காகவும் குரல் கொடுத்தார்.

அவர் துப்பாக்கியை அடியோடு விட்டுவிடவில்லை. ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டதுண்டு. அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் அவர் காப்பாற்றிய காடும் ஏரியும், விழுந்த பறவைகளை விடப் பல மடங்கு பறவைகளுக்கு வாழ்வு கொடுத்தன.

ஜட்டிங்காவின் மர்மம்

அசாமில் ஜட்டிங்கா என்ற மலைக் கிராமம் இருக்கிறது. மழைக்காலத்தின் முடிவில், நிலா இல்லாத மூடுபனி இரவுகளில், பறவைகள் விளக்கு வெளிச்சத்தை நோக்கி வந்து விழும். பேயின் வேலை என்று ஒரு காலத்தில் ஊரார் பயந்தார்கள். விழுந்த பறவைகளை அடித்தும் கொன்றார்கள்.

இரவில் கூட்டில் தூங்க வேண்டிய பகல் பறவைகள் ஏன் அந்நேரத்தில் வெளியே பறக்கின்றன? இந்தக் கேள்வி சலீம் அலியையே வியக்க வைத்தது. அவர் பேய் என்று சொல்லவில்லை. காரணம் தேட வேண்டும் என்றே கருதினார்.

கண்ணாடிக் குருவியின் ரகசியம்

இப்போது நம் வீட்டுக் கண்ணாடிக்கு வருவோம்.

குருவி ஏன் கொத்துகிறது? கண்ணாடியில் தெரிவது தன் உருவம் என்று அதற்குத் தெரியாது. கூடு கட்டும் காலத்தில், போட்டிக்கு வந்த வேறொரு குருவி என்று நினைத்துச் சண்டை போடுகிறது.

லாயத்து ஆணியை நினைத்துப் பாருங்கள். ஒரு குருவி விழுந்தால், அந்த இடத்தைப் பிடிக்க அடுத்த குருவி தயாராக இருந்தது. ஆகவே கண்ணாடியைக் கொத்தும் குருவிக்குப் பைத்தியம் இல்லை. தன் இடம் பறிபோகும் என்ற அதன் பயத்தில் நியாயம் இருக்கிறது! கண்ணாடி மேல் ஒரு துணியைப் போட்டால் போதும். சண்டை ஓய்ந்துவிடும்.

ஜன்னலில் மோதும் பறவையின் கதை வேறு. கண்ணாடியில் வானமும் மரமும் தெரிகின்றன. பறவை அதை வழி என்று நம்பி வேகமாக வருகிறது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் 36½ கோடி முதல் 98 கோடிக்கு மேல் வரை பறவைகள் கட்டடங்களில் மோதிச் சாவதாக 2014-ல் வந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. நம் ஊர்களிலும் கண்ணாடிக் கட்டடங்கள் பெருகி வருகின்றன.

இதற்கும் வழி உண்டு. ஜன்னலின் வெளிப்புறத்தில் 2 அங்குலத்துக்கு ஒன்றாகப் பொட்டுகள் ஒட்டலாம். வலை கட்டலாம். இரவில் வேண்டாத விளக்கை அணைக்கலாம். பறவை மயங்கி விழுந்தால், காற்றுப் போகத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்ததும் வெளியே கொண்டுபோய்த் திறந்துவிடுங்கள். தெளியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசி நாட்கள்

1958-ல் பத்மபூஷண், 1976-ல் பத்மவிபூஷண் பட்டங்கள் சலீம் அலிக்குக் கிடைத்தன. 1985-ல் ராஜ்யசபை உறுப்பினர் ஆனார். பட்டம் இல்லை என்று வேலை மறுக்கப்பட்டவருக்குப் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் கொடுத்துப் பெருமை தேடிக்கொண்டன.

அதே 1985-ல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர், ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி. தம் கையால் விழுந்த அந்தக் குருவியை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

1987-ம் ஆண்டு ஜூன் மாதம் 20-ந் தேதி, 90-வது வயதில், சலீம் அலி காலமானார். கோவைக்கு அருகே ஆனைகட்டியில் உள்ள பறவை ஆராய்ச்சி நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாளை உங்கள் பிள்ளை ஒரு குருவியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, இது என்ன, ஏன் விழுந்தது என்று கேட்கலாம். தெரியாவிட்டாலும் அதட்டாதீர்கள். தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அமிருதீன் மாமா செய்தது அதைத்தான்!